குவின்சி வீட்டில் ஒரு நன்றி நாள்



வெளிநாடு போய்வந்தவர்கள் எழுதும் கட்டுரைகளில் வானுயர்ந்த கட்டடங்களும் பெரிய கடைத்தெருக்களும் இடம்பெறுவது வழக்கம். என்னிடம் அவை இல்லை. 2024 நவம்பரில் அமெரிக்காவிலுள்ள என் தங்கையின் வீட்டில் நான்கு வாரங்கள் தங்கியிருந்தேன். அதில் பெரும் பகுதி குசினியில்தான் கழிந்தது. ஆனால் அந்தக் குசினியில் நின்றபடியே ஒரு நாட்டின் கதையையும், என் சொந்தக் கதையில் விடுபட்டுப்போன ஒரு பக்கத்தையும் அறிந்துகொண்டேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தங்கை இருப்பது மசாசூசெட்ஸ் மாநிலத்தில், பொஸ்டன் நகருக்குத் தெற்கே கடலோரமாக அமைந்த குவின்சி என்ற ஊரில். ஒரு காலத்தில் கப்பல் கட்டும் துறைக்குப் பேர்போன ஊர். அந்தத் துறையில் வேலை செய்ய வந்த லெபனான் நாட்டுக் குடும்பங்கள் சேர்ந்து 1964இல் அங்கே ஒரு பள்ளிவாசலை எழுப்பினார்கள். நியூ இங்கிலாந்து என்று அழைக்கப்படும் அந்தப் பிரதேசத்தின் பழைய பள்ளிவாசல்களில் அதுவும் ஒன்று. தங்கைக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு மூன்று வயது.

நான் போய் இறங்கிய இரண்டாம் நாளே மருமகன் பாடசாலையிலிருந்து ஒரு கடதாசியைக் கொண்டு வந்தான். தன் கையை விரித்து வைத்து அதைச் சுற்றிக் கோடு போட்டிருந்தான். பெருவிரல் வான்கோழியின் தலை, மற்ற நான்கு விரல்களும் அதன் இறகுகள்! "பெரியும்மா, நன்றி நாள் வருது. நீங்களும் ஒண்டு வரையணும்" என்றான்.

ஒரு பத்திரிகை ஆசிரியையின் கதை

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் எனப்படும் நன்றி நாள். எந்த மதத்தவராயினும் குடும்பமாகக் கூடி உண்ணும் நாள் அது. பாடசாலைகளுக்கு வியாழனும் வெள்ளியும் விடுமுறை. நமது நாட்டில் பெருநாளைக்கு முதல்நாள் பஸ் நிலையங்கள் எப்படி நிரம்பி வழியுமோ, அப்படியே அங்கு புதன்கிழமை வீதிகள் நிரம்பி வழிகின்றன.

சகோதரிகளே, இந்த நாள் தேசிய நாளாக ஆனதற்குப் பின்னால் பெண்கள் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியை இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியுமா? சாரா ஜோசபா ஹேல் என்பது அவர் பெயர். 1822இல் கணவர் இறந்தபோது அவர் கையில் ஐந்து பிள்ளைகள். பேனாவை நம்பியே அவர்களை வளர்த்தார். ஆட்டுக்குட்டியைப் பற்றி நமது பாலர் பாடசாலைகளிலும் பாடப்படும் அந்த ஆங்கிலச் சிறுவர் பாட்டை எழுதியவரும் அவரே. மாநிலத்துக்கு ஒரு திகதியில் கொண்டாடப்பட்டு வந்த நன்றி நாளை நாடு முழுவதும் ஒரே நாளாக்க வேண்டுமென்று 1846 முதல் பதினேழு ஆண்டுகள் எழுதினார். ஜனாதிபதிகளுக்கும் ஆளுநர்களுக்கும் கடிதங்கள் அனுப்பிக்கொண்டே இருந்தார். இறுதியில் உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த 1863இல் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் அவருடைய கோரிக்கையை ஏற்றார். நான்காவது வியாழன் என்று சட்டமாக்கப்பட்டது 1941இல்.

பிளிமத் கடற்கரையில்

பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை மச்சான் எங்களை பிளிமத் நகருக்கு அழைத்துப் போனார். குவின்சியிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரம். சற்றுச் சுற்றிப் போய் கார்வர் பக்கத்திலுள்ள கிரான்பெரித் தோட்டங்களையும் காட்டினார். தரையோடு படரும் கொடியில் காய்க்கும் சிவந்த, புளிப்பான பழம் அது. அறுவடைக் காலத்தில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சி, பழங்களை உலுப்பிவிட்டால் அவை மேலே மிதக்குமாம். நாங்கள் போனபோது அறுவடை முடிந்துவிட்டது. கொடிகள் மட்டும் கருஞ்சிவப்பாகக் கிடந்தன.

பிளிமத் கடற்கரையில் தூண்கள் தாங்கிய ஒரு மண்டபம். உள்ளே குனிந்து பார்த்தால் பள்ளத்தில் ஒரு கல். அதில் 1620 என்று வெட்டியிருக்கிறது. இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் என்ற கப்பலில் 102 பயணிகள் அந்த ஆண்டில்தான் வந்தார்கள். சமய நெருக்கடியால் ஊரை விட்டவர்கள் அவர்களில் பலர். மாரி காலத்தில் வந்திறங்கியதால் குளிரும் நோயும் தாக்கி, முதல் வசந்தத்துக்கு முன்பே பாதிப்பேர் மாண்டுபோனார்கள்.

அவர்கள் குடியேறிய இடம் வெறும் நிலமல்ல. வாம்பனோக் மக்களின் பட்டுக்ஸெட் என்ற ஊர் அது. 1616க்கும் 1619க்கும் இடையில் பரவிய கொள்ளைநோயில் அந்த ஊரே அழிந்துபோயிருந்தது. அந்த ஊரைச் சேர்ந்த டிஸ்குவாண்டம் என்பவரை 1614இல் ஓர் ஆங்கிலேயக் கப்பல்காரன் கடத்திக்கொண்டுபோய் ஸ்பெயினில் விற்றிருந்தான். அவர் எப்படியோ இங்கிலாந்து சென்று, 1619இல் ஊர் திரும்பியபோது ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை. அப்படிப்பட்ட மனிதர்தான், வந்தவர்களுக்கு மீனைப் பசளையாக இட்டுச் சோளம் நடக் கற்றுக்கொடுத்தார்.

1621இன் இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்ததும் ஒரு விருந்து நடந்தது. தலைவர் மசசோயிட்டும் அவருடைய ஆட்கள் தொண்ணூறு பேரும் வந்தார்கள். ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்தார்கள். மூன்று நாட்கள் விருந்து நீடித்தது. வந்தேறியவர்களில் உயிரோடிருந்தவர்கள் சுமார் ஐம்பது பேர். அவர்களில் வளர்ந்த பெண்கள் நால்வர் மட்டுமே! அந்த நால்வரும் சில சிறுமிகளும் நூற்று நாற்பது பேருக்கு எப்படிச் சமைத்திருப்பார்கள்? கந்தூரிச் சட்டி பிடித்துப் பழகிய நமக்குத்தான் அந்தப் பாடு விளங்கும்.

கல்லுக்கு எதிரே கோல்ஸ் ஹில் என்ற மேடு. அதன் உச்சியில் மசசோயிட்டின் சிலை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. பக்கத்தில் 1998இல் நகரசபை பதித்த ஒரு பலகை. பூர்வீக மக்கள் பலருக்கு இந்த நாள் கொண்டாட்டமல்ல, நிலத்தையும் உயிர்களையும் இழந்த நினைவு என்று அது சொல்கிறது. விருந்து நடந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆவதற்குள், 1675–76இல், மசசோயிட்டின் மகன் மெட்டகோமுக்கும் குடியேறியவர்களுக்கும் பெரும் போர் மூண்டது. அவர் கொல்லப்பட்டு, அவர் தலை இதே பிளிமத்தில் பல ஆண்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1970இல் ஆண்டுவிழாவில் பேச அழைக்கப்பட்ட ஃபிராங்க் ஜேம்ஸ் என்ற வாம்பனோக் பெரியவர் இந்த உண்மைகளை எழுதிக் கொடுத்தபோது, அந்தப் பேச்சுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு நன்றி நாளிலும் அந்த மேட்டில் துக்க நாள் அனுஷ்டிக்கப்படுகிறது. பலர் நோன்பிருந்து வருகிறார்கள்.

மருமகனுக்கு இவற்றில் பாதியைத்தான் சொன்னோம். அவன் சிலையை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அப்ப சாப்பாடு குடுத்தவங்களத்தான் பொறகு விரட்டினாங்களா, பெரியும்மா?"

"ஓம், வாப்பா" என்றேன். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

குசினியில் ஐந்து நாட்கள்

முஸ்லிம்கள் இந்த நாளில் கூடி உண்ணலாமா என்று நீங்கள் கேட்கலாம். அங்குள்ள உலமாக்களிடையே இரு கருத்துகளும் உண்டு. நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. தங்கையின் பதில் எளிமையானது. "ராத்தா, இங்க எங்களுக்குச் சொந்தக்காரர் யாருமில்ல. எல்லாருக்கும் லீவு கிடைக்கிற நாள் இதுதான். தனிச்சிருக்கிற நாலு பேரக் கூப்பிட்டு ஹலாலா ஒரு சாப்பாடு குடுக்கிறன். அவ்வளவுதான்."

பதினான்கு இறாத்தல் எடையுள்ள வான்கோழியை ஹலால் இறைச்சிக் கடையில் மூன்று வாரங்களுக்கு முன்பே சொல்லிவைத்திருந்தாள். உறைந்துபோன அவ்வளவு பெரிய பறவை, குளிர்சாதனப் பெட்டிக்குள் இளகுவதற்கே மூன்று நாட்களுக்கு மேல் வேண்டும். வெளியே வைத்து இளக்கினால் பழுதாகி நோய் வரும். அங்கே ஒவ்வொரு வீட்டு அடுப்பின் கீழும் நமது பேக்கரிப் போறணை போன்ற ஒன்று இருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் வேக வேண்டும். தொடைச் சதையில் வெப்பமானியைக் குத்திப் பார்த்து, 74 பாகை செல்சியஸ் காட்டிய பிறகே வெளியே எடுத்தோம். தங்கை பட்டரோடு உள்ளி, இஞ்சி, மிளகு சேர்த்து அரைத்துத் தோலுக்கடியில் பூசியிருந்தாள். வாசனை நமது ஊரையும் அந்த ஊரையும் ஒன்றாய்க் கலந்தாற்போல் இருந்தது.

பிள்ளைகளைக் குசினியிலிருந்து விரட்டாமல் அவள் வேலை கொடுத்தது எனக்குப் பிடித்தது. வான்கோழியோடு பரிமாற, பாணைத் துண்டு துண்டாக்கி, வெங்காயமும் செலரியும் சேர்த்து வேகவைத்து ஒரு பண்டம் செய்வார்கள். பாணைப் பிய்த்துப் போடும் வேலை மூன்று வயது மகளுக்கு. பாதி சட்டிக்குள், பாதி வயிற்றுக்குள். உருளைக்கிழங்கு கழுவுவதும், விருந்தினர் பெயர்களை அட்டையில் எழுதுவதும் மகனுக்கு. பூசணிக்காய்ப் பைக்குக் கறுவாவும் சாதிக்காயும் கராம்பும் இடிப்பது எனக்கு. அதே சாதிக்காயில் கொஞ்சம் எடுத்துவைத்து நான் ஒரு வட்டிலப்பமும் அவித்தேன்.

இன்னொரு விடயம். ஒரு முள்ளுக் கிளையைப் போத்தலில் நட்டு, கடதாசியில் இலைகள் வெட்டி வைத்திருந்தாள். யாருக்கு, எதற்கு நன்றி என்று ஒவ்வொருவரும் ஓர் இலையில் எழுதிக் கட்ட வேண்டும். மகன் "என் சைக்கிளுக்கு" என்று எழுதினான். மகள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: "தக்காளிச் சோஸுக்கு."

மேசையைச் சுற்றி

நவம்பர் 28. காலையில் பிள்ளைகள் நியூயோர்க்கில் நடக்கும் பலூன் ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 1924இல் தொடங்கிய ஊர்வலம் அது. பெரியவர்களின் விருந்து எப்போதும் பிந்தும் என்பதால் தங்கை பன்னிரண்டு மணிக்கே பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிவிட்டாள். அழுகையில்லாத விருந்துக்கு அதுவே வழி என்றாள். அவர்களுக்கென ஒரு சின்ன மேசை, அதன் மேல் வெள்ளைக் கடதாசி, வர்ணப் பென்சில்கள். தட்டு வரும்வரை மேசையிலேயே வரைந்துகொண்டிருந்தார்கள்.

அங்கே அந்த மாதத்தில் நாலேகாலுக்கெல்லாம் மஃரிப் ஆகிவிடுகிறது. ஆகவே அஸரைத் தொழுதுவிட்டு இரண்டரை மணிக்கு உட்கார்ந்தோம். ஒரு மொரோக்கோக் குடும்பம், கார்த்தூமைச் சேர்ந்த ஒரு தாயும் மகனும், மச்சானோடு வேலை செய்யும் ஓர் இளைஞர், அடுத்த வீட்டு மூதாட்டி. கணவரை இழந்து தனியே வாழ்பவர் அந்த மூதாட்டி. அவர் பூசணிக்காய்ப் பை கொண்டு வந்தார். அங்கே பை மாவுக்குச் சிலர் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பார்கள். அவரோ பட்டரில் செய்து, போட்ட பொருட்களையெல்லாம் ஓர் அட்டையில் எழுதியும் கொண்டு வந்திருந்தார்.

இளைஞர் கொண்டுவந்தது வற்றாளைக் கிழங்குப் பண்டம். மேலே வெள்ளை வெள்ளையாக மார்ஷ்மெலோ உருகிப் பொன்னிறமாயிருந்தது. மார்ஷ்மெலோவில் ஜெலட்டின் உண்டு. அந்த நாட்டில் அது பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுப்பது. தங்கை அதை மெதுவாகச் சொல்ல வாயெடுக்கு முன், மருமகன் எல்லோருக்கும் கேட்க, "இதுல பன்றி இருக்கு!" என்றான். இளைஞரின் முகம் சிவந்துபோனது. "என்னில்தான் பிழை. அழைக்கும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும்" என்றாள் தங்கை. மூதாட்டி சட்டியைத் தன் பக்கம் இழுத்து, "நல்லது, இது முழுவதும் எனக்கும் இந்தத் தம்பிக்கும்தான்" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அழைப்பவர் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவது, கடைசியில் விருந்தாளியை வெட்கப்பட வைக்கிறது. இதை நாம் மனதில் வைக்க வேண்டும்.

மூதாட்டி தம் முறைப்படி ஒரு பிரார்த்தனை சொன்னார். மச்சான் துஆ ஓதினார். பிஸ்மி சொல்லிச் சாப்பிட்டோம். கிரான்பெரிச் சம்பல் போல் ஒன்று இருந்தது. இனிப்பும் புளிப்புமாய் வான்கோழிக்கு நன்றாகப் பொருந்தியது. என் வட்டிலப்பத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கியவர் மூதாட்டிதான்.

பெயர் தெரியாத ஒருவர்

சாப்பாட்டுக்குப் பின் ஒவ்வொருவராகத் தம் இலையை வாசித்தார்கள். கார்த்தூம் சகோதரியின் முறை வந்தது. 2023 ஏப்ரலில் அங்கு போர் மூண்டபோது அவர் பொஸ்டனில் இருந்தார். வயதான தாய் ஊரில். அவர் இலையில் ஓர் ஆணின் பெயர் மட்டும் இருந்தது.

"என் தாயை எகிப்து எல்லைவரை கூலி வாங்காமல் ஏற்றிவந்த லொறிச் சாரதி இவர். உம்மா இவருடைய பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டார். ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் அந்தப் பெயரைச் சொல்லித் துஆ கேட்கிறார்."

அடுத்தது நான். என் இலையில் ஏதோ வழமையான ஒன்றை எழுதியிருந்தேன். அதை வாசிக்க மனம் வரவில்லை.

சகோதரிகளே, நான் எருக்கலம்பிட்டியில் பிறந்தவள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு எட்டு வயது. மன்னார்த் தீவிலிருந்து படகில் கற்பிட்டிக் கரைக்கு வந்தோம். நனைந்த உடுப்போடு மணலில் உட்கார்ந்திருந்த எங்களை ஒரு பெண் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். சோறும் கருவாட்டுக் கறியும் தந்தார். தன் பிள்ளையின் சட்டையை எனக்குப் போட்டுவிட்டார். மூன்று நாட்கள் அந்த வீட்டில் படுத்தோம். பிறகு புத்தளத்தில் கிடுகுக் கொட்டில் முகாம். தங்கை அந்த முகாமில்தான் பிறந்தாள்.

எங்களை ஏற்றுக்கொண்ட ஊர்களும் வசதியுள்ளவை அல்ல. ஒரே கிணற்றுத் தண்ணீரையும் ஒரே வகுப்பறையையும் ஆயிரக்கணக்கானவர்களோடு பங்குபோட வேண்டியிருந்தது. மனக்கசப்புகளும் வந்தன. நாங்கள் அந்தக் கசப்புகளைப் பற்றித்தான் பல காலம் பேசிக்கொண்டிருந்தோம், முதல்நாள் சோற்றைப் பற்றியல்ல. அந்த மேட்டில் மருமகன் கேட்ட கேள்வி என்னைக் குத்தியது அதனால்தான்.

இதையெல்லாம் அந்த மேசையில் சொன்னேன். தங்கைக்கே பாதி புதுக்கதை. மருமகன் ஒரு புது இலையையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"அந்த உம்மாட பேரு என்ன, பெரியும்மா? நான் எழுதுறன்."

எனக்குத் தெரியவில்லை. முப்பத்து நான்கு வருடங்களாகப் புத்தளத்தில் வாழ்கிறேன். பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் கற்பிட்டி. ஒருநாளும் போய்க் கேட்கவில்லை. அவன் அந்த இலையை வெறுமையாகவே கிளையில் கட்டினான்.

கற்பிட்டியில்

ஊர் திரும்பி, ஜனவரியில் உம்மாவை அழைத்துக்கொண்டு கற்பிட்டிக்குப் போனேன். உம்மாவுக்குப் பெயர் நினைவில்லை. வாசலில் ஒரு கொட்டை மரம் நின்றதும், கடல் இரைச்சல் கேட்டதும்தான் நினைவிருந்தது. மூன்று வீடுகளில் விசாரித்து நான்காவது வீட்டில் கண்டுபிடித்தோம். மரம் இல்லை. அந்தப் பெண்மணியும் மௌத்தாகி ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. என் வயதுடைய அவர் மகள் கதவைத் திறந்தார். நான் போட்டிருந்தது அவருடைய சட்டை!

தாயின் பெயரைச் சொன்னார். பத்திரிகையில் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். ஆகவே இங்கே எழுதவில்லை. பிறகு அவர் சொன்னதுதான் என்னைக் கலங்க வைத்தது.

"உம்மா உங்களப்பத்தி அடிக்கடி சொல்லுவா. அண்டைக்கு அவசரத்துல சோத்துக்கு உப்புக் கூடிட்டு, பசியோட வந்த புள்ளைகள் எப்படித் திண்டுச்சுகளோ எண்டு மௌத்தாகும் வரைக்கும் கவலைப்பட்டா."

உப்பு கூடியதாக எனக்கு நினைவேயில்லை. என் உம்மாவுக்கும் இல்லை. இருவரும் அந்த வாசலில் உட்கார்ந்து அழுதோம். அன்று மத்தியானம் அந்த வீட்டில்தான் சாப்பிட்டோம். பின் மையவாடிப் பக்கம் போய்த் துஆ கேட்டுவிட்டு வந்தோம்.

அன்றிரவு மருமகனுக்குத் தொலைபேசியில் அந்தப் பெயரைச் சொன்னேன். எழுத்துக்கூட்டி எழுதினான். காய்ந்துபோன அந்தக் கிளையை அவர்கள் இன்னும் எறியவில்லை.

சகோதரிகளே, மனிதருக்கு நன்றி சொல்வதும் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துவதும் வேறு வேறல்ல என்று மத்ரஸாவில் படித்தவர்கள் நாம். நமக்கு வான்கோழியும் வேண்டாம், நவம்பர் வியாழனும் வேண்டாம். ஆனால் உங்களுக்கு ஒரு நேரச் சோறு தந்தவர், ஒரு நாள் இடம் தந்தவர், பிரசவ நேரத்தில் ஓடி வந்தவர் என்று யாராவது நிச்சயம் இருப்பார். அவர் உயிரோடு இருக்கும்போதே போய்ப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். முதலில் அவர் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.